பாலையில் பார்த்த அருவி



"அண்ணே, நீங்க அஞ்சு வருஷம் கல்ஃப்ல இருந்தவரு. நம்ம மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று பேரவைத் தம்பிகள் வந்து நின்றார்கள். கல்ஃப் என்றாலே நம் காஞ்சிபுரத்தில் எல்லாருக்கும் ஞாபகம் வருவது மூன்று: வெயில், மணல், சம்பளம். நாலாவதாக ஒட்டகத்தைச் சேர்த்துக் கொள்ளலாம். இந்த நாலைப் பற்றியும் நான் எழுதப் போவதில்லை. ஒரு அருவியைப் பற்றி எழுதப் போகிறேன். "பாலைவனத்துல அருவியா? யாருக்குய்யா காது குத்துற?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சிவில் பிரிவு நண்பர்களுக்கு இதில் ஹைட்ராலிக்ஸும் உண்டு. பரீட்சைக்கு வராது, பயப்படாதீர்கள்!

நானும் உங்களைப் போல இங்கே சிவில் டிப்ளமா படித்தவன்தான். அப்பா பட்டு நெசவாளி. வீட்டுக் குழித்தறியில் அப்பா உட்கார, கோர்வைக்கு மறுபக்கக் கரை நாடாவைத் தள்ளுவது பள்ளிக்கூட நாளில் என் வேலை. தறி இருந்தது, கடனும் இருந்தது. அதனால் 2011-ல் சர்வேயராக ஓமன் நாட்டுக்கு விமானம் ஏறினேன். மேப்பில் மும்பையில் விரலை வைத்து அரபிக்கடலில் மேற்கே நகர்த்தினால் முதலில் தட்டுப்படுகிற கரைதான் ஓமன். தலைநகர் மஸ்கட். அங்கிருந்து கடலோரமாகவே தென்கிழக்கே சுமார் 200 கி.மீ. போனால் சூர் என்று ஒரு பழைய துறைமுக நகரம். ஒரு காலத்தில் கேரளத் தேக்கைக் கொண்டு போய்ப் பெரிய பாய்மரக் கப்பல்கள் கட்டிய ஊர். அந்த ஊர்ப் பக்கம் ஒரு சாலை வேலையில் நான் இருந்தேன்.

மஸ்கட்டில் வருஷத்துக்குச் சுமார் 100 மி.மீ. மழைதான் பெய்கிறது. நம் காஞ்சிபுரத்தில் ஆயிரம் மி.மீ.க்கு மேல் பெய்கிறது. நமக்கு ஐப்பசியில் இரண்டு நாள் அடித்துப் பெய்கிற மழைதான் அவர்களுக்கு ஒரு வருஷம்! கடற்கரையை ஒட்டியே ஹஜர் மலை எழும்பி நிற்கிறது. ஒரு புல் கிடையாது. வெந்த செங்கல்லை அடுக்கி வைத்த மாதிரி இருக்கும். இதற்குள் அருவி இருக்கிறது என்று எங்கள் கேம்ப்பில் ஒரு பேச்சு.

இந்தப் பேச்சை விடாமல் பிடித்துக் கொண்டவர் எங்கள் வெல்டர் அண்ணன். திருநெல்வேலிக்காரர். பாபநாசத்துப் பக்கம் தாமிரபரணியில் குதித்து வளர்ந்தவர். "நாலு வருஷமா டேங்கர் தண்ணியில குளிச்சு உடம்பே துருப்பிடிச்சிட்டுலே. ஒரு தரம் தலையில அருவி விழணும், பொறவு ஊருக்குப் போனாப் போதும்" என்பார். அவருக்கு விசா முடிகிற நேரம். இன்னும் மூன்று வாரத்தில் ஊருக்குக் கிளம்ப வேண்டும். அதனால் 2014 மார்ச் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நாலு பேர் புறப்பட்டோம். அண்ணன், நான், பிக்கப் ஓட்டும் மலப்புறத்து இக்கா, பெஷாவரைச் சேர்ந்த போர்மன் கான் பாய். பையில் குப்பூஸ் ரொட்டி, லபன் மோர், பேரீச்சம்பழம், ஆளுக்கு மூன்று பாட்டில் தண்ணீர்.

இடத்தின் பெயர் வாதி ஷாப். வாதி என்றால் மழை வந்தால் ஓடுகிற, மற்ற நாளில் காய்ந்து கிடக்கிற மலையாறு. சூரிலிருந்து மஸ்கட் போகும் நெடுஞ்சாலையில் திவி என்ற ஊர் அருகே, ஒரு பெரிய பாலத்துக்கு அடியில் இந்த வாதி கடலைத் தொடுகிறது. வாயில் குட்டை மாதிரித் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அதைத் தாண்ட ஒரு சின்னப் படகு. அப்போது சில நூறு பைசா வாங்கிக் கொண்டு இரண்டு நிமிஷத்தில் மறு கரையில் விட்டுவிட்டார்கள். (அங்கே ஆயிரம் பைசா ஒரு ரியால். அவர்களும் பைசா என்றுதான் சொல்கிறார்கள்!)

அதற்கப்புறம் நடை. ஏறக்குறைய முக்கால் மணி நேரம். இரண்டு பக்கமும் செங்குத்தான சுண்ணாம்புக் கல் சுவர். நடுவில் கூழாங்கல், அங்கங்கே மாடு அளவு, அறை அளவு பாறைகள். இந்தப் பாறைகளை யார் உருட்டி வந்து போட்டது என்று நான் இக்காவிடம் கேட்டேன். "வெள்ளம்தான். வேற யாரு?" என்றார். 2007 ஜூனில் கோனு புயல் வந்தபோது இந்தக் கடற்கரை முழுக்க வாதிகள் பொங்கிச் சாலையை அறுத்தெறிந்த கதையைச் சொன்னார். அறை அளவு பாறையைப் பார்த்துக் கொண்டே அந்தக் கதையைக் கேட்டால் நம்பாமல் இருக்க முடியாது.

கொஞ்ச தூரம் போனதும் பச்சை! பேரீச்சை, வாழை, இடையிடையே தீவனப் புல். எங்கே இருந்து தண்ணீர் என்று பார்த்தால், மலைச் சுவரின் ஓரமாகவே ஆள் உயரத்தில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. ஒரு முழம் அகலம்தான் இருக்கும். சில இடங்களில் நாங்கள் நடந்த பாதையே அந்த வாய்க்காலின் கரைதான். இதற்கு ஃபலஜ் என்று பெயர். மேலே ஊற்றுத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் திருப்பி, வாதியின் தரையை விட மெதுவான சரிவில் கொண்டு வருகிறார்கள். வாதி கீழே இறங்க இறங்க, வாய்க்கால் உயரத்தில் நிற்கிறது. வெள்ளம் வந்தாலும் தோட்டம் தப்பிக்கிறது. பம்ப் கிடையாது, கரண்ட் பில் கிடையாது. ஓமன் முழுக்கச் சுமார் மூவாயிரம் ஃபலஜ் இப்போதும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அதில் ஒன்றான அல் ஜீலா இந்த சூர் வட்டாரத்திலேயே இருக்கிறது.

தோட்டத்து நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் கூப்பிட்டார். அந்தக் கடற்கரையில் வயசானவர்கள் நிறைய பேருக்கு ஹிந்தி தெரியும். சின்னக் கிண்ணத்தில் ஏலக்காய் போட்ட கசப்புக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். கான் பாய் மொழிபெயர்க்க, நான் வாய்க்காலைப் பற்றிக் கேட்டேன். "பாபா, இந்தத் தண்ணி யாருக்குச் சொந்தம்?"

பெரியவர் சிரித்தார். தண்ணீரை இங்கே லிட்டர் கணக்கில் பிரிப்பதில்லையாம். நேரக் கணக்குதானாம். ஒரு பங்குக்கு அதர் என்று பெயர். ஏறக்குறைய அரை மணி நேரம். இவருக்கு இத்தனை அதர், அடுத்த தோட்டத்துக்கு இத்தனை அதர் என்று சுற்று வரும். முன்பு பகலில் நிழலை வைத்தும் ராத்திரியில் நட்சத்திரத்தை வைத்தும் நேரம் பார்த்தார்களாம். இப்போது கைக்கடிகாரம். கணக்கைப் பார்த்துக் கொள்ள வக்கீல் என்று ஒரு ஆள். கோர்ட்டு வக்கீல் இல்லை, வாய்க்கால் வக்கீல்! முதலில் குடிக்க, அப்புறம் பள்ளிவாசலுக்கு, அப்புறம் குளிக்க, கடைசியில்தான் தோட்டத்துக்கு. பக்கத்துக்காரர் முறையில் மடையைத் திறந்தால் ஊரே பேசாது.

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. படித்தது எப்போதுதான் உபயோகப்படும்? வாய்க்காலில் பத்து மீட்டர் டேப் பிடித்து அளந்தேன். ஒரு காய்ந்த இலையைப் போட்டேன். இருபத்தைந்து வினாடியில் பத்து மீட்டர் போனது. அகலம் 40 செ.மீ., ஆழம் 15 செ.மீ. மேல்மட்ட வேகத்தை 0.8-ஆல் பெருக்கினால் சராசரி வேகம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அல்லவா? கணக்குப் போட்டால் வினாடிக்கு 19 லிட்டர். ஒரு அதர், அதாவது அரை மணி நேரத்துக்கு, 34 ஆயிரம் லிட்டருக்கு மேல். நம் ஊர்த் தண்ணீர் லாரி மூன்று! பெரியவரிடம் சொன்னேன். அவருக்கு லிட்டரில் அக்கறை இல்லை. "இலை நல்லாத்தான் ஓடுது" என்று மட்டும் சொன்னார்.

மழையே இல்லாத மலையில் வருஷம் முழுக்க எப்படித் தண்ணீர்? காரணம் அந்தச் சுண்ணாம்புக் கல்தான். மலை உச்சியில் எப்போதாவது பெய்கிற மழை, ஓடிப் போகாமல் வெடிப்புகளில் இறங்கிவிடுகிறது. சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து உள்ளேயே குகைகளாக்கி விடுகிறது. இதே மலைத்தொடரில் 1,300 மீட்டருக்கு மேல் மஜ்லிஸ் அல் ஜின் என்ற குகை இருக்கிறது. உலகத்தின் மிகப் பெரிய குகைக் கூடங்களில் ஒன்று. இப்படி மலையே ஒரு ஓவர்ஹெட் டேங்க். அது கசிகிற இடம்தான் வாதி.

அதற்கு மேல் குளங்கள். பச்சையும் நீலமும் கலந்த தண்ணீர். அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். கான் பாய்க்கு நீச்சல் தெரியாது. முதல் குளத்தில் இறங்கும் இடத்திலேயே பைகளைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்தார். மூவரில் ஒருவர் எப்போதும் வெளியே காவல், மற்ற இருவர் ஜோடியாக உள்ளே என்று இக்கா சட்டம் போட்டார். கோர்வை போடுகிற வீட்டில் பிறந்த எனக்கு அந்தச் சட்டம் புதிதாகத் தெரியவில்லை. மறுபக்கம் ஆள் இல்லாமல் கரை சேராது. முதலில் யார் என்று கேட்டபோது, "சின்னப் பயலுவ நீங்க போய்ட்டு வாங்க. நான் கடைசியில நிதானமாக் குளிப்பேன்" என்றார் அண்ணன்.

இக்காவும் நானும் நீந்தினோம். நான் நீச்சல் கற்றது செவிலிமேட்டுப் பக்கம் ஒரு வயல் கிணற்றில். அந்தக் கிணற்று நீச்சல் அரேபியாவில் கை கொடுக்கும் என்று யார் கண்டது! கடைசிக் குளத்தின் முடிவில் பாறைச் சுவர். அதில் ஒரு வெடிப்பு. தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு தலை நுழையும் அளவுக்குத்தான் இடம். தோள் இரண்டு பக்கமும் பாறையில் உரசுகிறது. கீழே கால் எட்டாது. முகத்தை மேலே தூக்கி மூச்சு விட்டுக் கொண்டு, கையால் பாறையைப் பிடித்துப் பிடித்து நகர வேண்டும். இக்கா முன்னே போனார். "பேடிக்கேண்டா, வா வா" என்று அவர் குரல் உள்ளே இருந்து எதிரொலித்தது.

வெடிப்பு முடிந்ததும் ஒரு குகை. மேலே எங்கோ ஒரு பிளவு வழியாக வெளிச்சம் இறங்கித் தண்ணீரையே விளக்கு மாதிரி ஆக்கியிருந்தது. எதிரே பாறையிலிருந்து அருவி விழுந்தது. குற்றாலத்தைப் பார்த்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு தென்னை மர உயரம்கூட இல்லை. ஆனால் மூடிய அறைக்குள் விழுகிற அருவி என்பதால் சத்தம் நெஞ்சில் இடித்தது. நான் தலையைக் கொடுத்தேன். மூன்று வருஷத்துத் தூசி, சூப்பர்வைசரின் திட்டு, வீட்டுக் கடன், எல்லாம் ஐந்து நிமிஷத்துக்கு எங்கேயோ போயிற்று. அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வெளியே வந்து, இக்கா காவலுக்கு உட்கார, "அண்ணே, உங்க முறை. நான் கூட வரேன்" என்றேன். அண்ணன் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுத் தண்ணீரில் முழங்கால் வரை இறங்கிவிட்டார். அப்போது கீழே இருந்து கான் பாயின் குரல். கூடவே பெரியவர். தொழுகைக்குப் போக வேண்டியவர், மலை ஏறி எங்களைத் தேடி வந்திருந்தார். மேற்கே கையைக் காட்டினார். எங்கள் தலைக்கு மேல் நீல வானம்தான். தூரத்து உச்சிக்குப் பின்னால் மட்டும் ஒரு கரிய மேகம். "ஜல்தி நிக்லோ" என்றார். சீக்கிரம் வெளியேறுங்கள்.

இங்கே மழை இல்லையே, பத்து நிமிஷம்தானே என்று கேட்க எனக்கு வாய் வரை வந்தது. அண்ணன் நாலு வருஷமாகக் காத்திருந்தவர். இன்னும் ஐம்பதடி நீந்தினால் அருவி. அவர் ஒரு நிமிஷம் அந்த வெடிப்பையே பார்த்தார். பிறகு கரையேறிச் சட்டையைப் போட்டுக் கொண்டார். "விடுலே. ஆத்தங்கரைக்காரன் சொன்னா ஆத்தே சொன்ன மாதிரி. இன்னைக்கு நம்ம முறை இல்ல" என்றார்.

வேகமாக நடந்தோம். வழியில் எதிரே வந்த ஒரு குடும்பத்தையும் பெரியவர் திருப்பி அனுப்பினார். நாங்கள் படகுத் துறையைத் தாண்டி, பாலத்துக்குப் பக்கத்தில் மேட்டில் ஏறி நின்று அரை மணி நேரம் ஆகியிருக்கும். முதலில் ஒரு சத்தம், பழைய லாரி கியர் மாற்றுகிற மாதிரி. அப்புறம் தெளிந்த பச்சைத் தண்ணீர் செம்மண் நிறமாக மாறியது. கட்டை, ஓலை, ஒரு பிளாஸ்டிக் டிரம் எல்லாம் சுழன்று வந்தன. நாங்கள் நடந்த கூழாங்கல் பாதை காணாமல் போயிற்று. எங்கள் மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை.

நண்பர்களே, இதைப் படமாக மனசில் வைத்துக் கொள்ளுங்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் ஆன்டிலோப் கேன்யன் என்று ஒரு குறுகிய பாறைப் பிளவு இருக்கிறது. 1997 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அதற்குள் இறங்கிய பதினோரு பேரை வெள்ளம் அடித்துக் கொண்டு போயிற்று. மழை பெய்தது பல மைல் தூரத்தில். பாறை மழையைக் குடிப்பதில்லை, மேலே பெய்தது முழுக்கக் கீழே உள்ள ஒரே சந்துக்கு வந்துவிடும். கேட்ச்மென்ட் ஏரியா என்று நாம் புத்தகத்தில் படிக்கிறோமே, அதுதான் இது. ஆகவே எந்த மலையாற்றுக்குப் போனாலும் உங்கள் தலைக்கு மேலே உள்ள வானத்தை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீர் புறப்படும் இடத்து வானத்தைப் பாருங்கள். அதைவிட, அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கேளுங்கள். நீச்சல் தெரியாதவர் ஆழக் குளத்தில் இறங்க வேண்டாம். தனியாகப் போகவே வேண்டாம்.

மூன்று வாரத்தில் அண்ணன் ஊருக்குப் போய்விட்டார். அந்த அருவியை அவர் பார்க்கவே இல்லை. ஏர்போர்ட்டில் கட்டிப் பிடித்துக் கொண்டு, "எனக்கும் சேர்த்து நீ பாத்துட்டல்லா, போதும்" என்றார். அடுத்த இரண்டு வருஷத்தில் நான் இன்னும் நாலு முறை அங்கே போனேன். அருவிக்கு ஒரு தடவைதான் நீந்தினேன். மற்ற முறை எல்லாம் பெரியவரோடு வாய்க்கால் ஓரம்தான்.

ஏன் என்றால், எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. என் அம்மாவின் அப்பா ஊர் பாலாற்றங்கரை. அவர் ஊற்றுக்கால் என்று ஒன்று சொல்வார். சின்ன வயசில் நான் காது கொடுத்துக் கேட்டதில்லை. பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் நகர்ந்து கொண்டே இருக்கும். அந்த மணலில் நீளமாக ஒரு வாய்க்கால் தோண்டுவார்கள். ஆற்றின் சரிவை விட அதன் சரிவு குறைவு. அதனால் சில மைல் தள்ளிக் கீழே போவதற்குள், ஆற்றின் அடியில் கசிந்த தண்ணீர் வயல் மட்டத்துக்குத் தானாகவே வந்து நிற்கும். வெள்ளம் வடிந்ததும் ஊரே மண்வெட்டியோடு போய் மணலை வாரி மறுபடியும் திறந்து விடும். ஃபலஜுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அரேபியாவில் பார்த்து நான் வாய் பிளந்த இஞ்சினியரிங், தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக் கொண்டு செய்ததுதான்.

கணக்கு வைத்தவர்களும் நம்மிடம் இருந்தார்கள். நம் ஊரிலிருந்து முப்பது கி.மீ.க்குள் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919-லும் 921-லும் வெட்டியவை. குடவோலைத் தேர்தல் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு மார்க்குக்குப் படித்தோம். அந்தத் தேர்தலில் ஊரார் தேர்ந்தெடுத்த குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக் கொள்வதற்கென்றே ஒரு குழு! ஓமன் வாய்க்கால் வக்கீலின் வேலையை நம்மவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு என்ன நிலைமை? பாலாறு மொத்தம் 348 கி.மீ. ஓடுகிறது. அதில் 222 கி.மீ. நம் தமிழ்நாட்டில். மணலை அள்ள அள்ள ஆற்றின் தரை இறங்கிவிட்டது. ஊற்றுக்காலின் தலைவாய் உயரத்தில் நின்றுவிட்டது, தண்ணீர் கீழே போய்விட்டது. சிவில் மாணவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, லெவல் போயிற்று, அவ்வளவுதான். மிச்சம் இருந்ததை ஆழ்துளைக் கிணறு உறிஞ்சியது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் போனது. செவிலிமேட்டுப் பாலத்தில் நின்று நானும் வேடிக்கை பார்த்தேன். அத்தனையும் கடலுக்குப் போயிற்று. 100 மி.மீ. மழைக்காரர் ஒரு இலை ஓடுகிற தண்ணீரை அரை மணிக் கணக்கில் பங்கு போட்டு வாழை வளர்க்கிறார். ஆயிரம் மி.மீ. மழைக்காரர் நாம் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் குடத்தை வரிசை வைத்துவிட்டு லாரிக்குக் காத்திருக்கிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபமும் வருகிறது, வெட்கமும் வருகிறது.

உங்களில் பாதிப் பேர் டிப்ளமா முடித்து கல்ஃப் போவீர்கள். தாராளமாகப் போங்கள். விசா, ஒப்பந்தம் எல்லாம் சரியாகப் பார்த்துப் போங்கள். சம்பாதியுங்கள், கடனை அடையுங்கள், தங்கைக்குக் கல்யாணம் செய்யுங்கள். ஆனால் வெள்ளிக்கிழமை முழுக்கக் கட்டிலில் படுத்து வீடியோ பார்த்துக் கழிக்காதீர்கள். ஒரு வாதிக்குள் நடந்து பாருங்கள். ஒரு பெரியவரிடம் காப்பி குடியுங்கள்.

இங்கேயே இருக்கப் போகிற மற்ற பாதிப் பேருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த லீவு நாளில் நாலு பேர் சேர்ந்து ஒரு டேப்பும், லேபில் கேட்டு வாங்கிய டம்ப்பி லெவலும் எடுத்துக் கொண்டு பாலாற்றங்கரைக் கிராமம் ஒன்றுக்குப் போங்கள். "தாத்தா, இங்க ஊத்துக்கால் எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். காட்டுவதற்கு இன்னும் சில பேர் இருக்கிறார்கள். தலைவாய் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, ஆற்றின் தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று லெவல் எடுத்து எழுதி வையுங்கள். பிராஜக்ட்டுக்கும் ஆகும், ஊருக்கும் ஆகும். அடுத்த ஆண்டு மலரில் அந்தக் கணக்கை நீங்கள் எழுதுங்கள். முதல் ஆளாக வாங்கிப் படிக்க நான் தயார்!